பாத பூஜைக்குப் பூசிய எண்ணெய்

மனிதன் தன் முகத்தைப் பார்க்கிற அளவுக்குப் பாதத்தைப் பார்ப்பதில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று மீசையில் நரை கூடியிருக்கிறதா, தலையில் முடி குறைந்திருக்கிறதா என்று கவலைப்படுவோம். கால் என்று ஒன்று இருப்பது அது வலிக்கும்போதுதான் ஞாபகத்துக்கு வரும். வலித்தாலும், வயசானால் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டு, அதைச் சப்பாத்துக்குள் திணித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்குத் தண்டனையாக என் இரண்டு பாதங்களும் ஒரு நாள் பட்டர்வொர்த் கல்யாண மண்டபத்தில், சொந்தபந்தம் மொத்தமும் பார்க்க, பெரிய திரையில் காட்டப்பட்டன. காட்டியதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

முதலில் பாதங்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், புண்ணியமாகப் போகும்.) நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து, கிராணியாகவே ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த காலம் முழுக்க முனை கூரான கறுப்புச் சப்பாத்துதான். அதுவும் என் காலுக்கு ஒரு அளவு சின்னது. சரியான அளவில் போட்டால் வாத்து மாதிரித் தெரிவேன் என்று வாலிபத்தில் எனக்கு ஒரு எண்ணம். அதன் பலனாகக் கட்டை விரல்கள் இரண்டும் பக்கத்து விரல்கள்மேல் ஏறிப் படுத்துக்கொண்டன. அவை கிளம்பிய இடத்தில் எலும்பு புடைத்து, தோலுக்கு அடியில் ஆளுக்கொரு வெங்காயம் வைத்துத் தைத்ததுபோல் இருந்தது. சுண்டு விரலில் கால் ஆணி. குதிகாலில் பித்த வெடிப்பு. தொப்பை குறுக்கே நிற்பதால் குனிந்து நகம் வெட்ட முடியாது. நகங்கள் தம் இஷ்டத்துக்கு வளர்ந்து தடித்துப்போயிருந்தன. கால் ஆணியை மட்டும், காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து, சவர பிளேடால் நானே செதுக்கிக்கொள்வேன். டாக்டரிடம் காட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். நெஞ்சு வலி என்று டாக்டரிடம் போனால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. கால் ஆணி என்று போவதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது.

மனைவி காலமான பிறகு நான் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் தனியாகத்தான் இருக்கிறேன். கீழே காப்பிக் கடை, எதிர்வீட்டில் நண்பன் அந்தோணி, நடக்கும் தூரத்தில் காய்கறி, மீன் வாங்கப் பாசார். மாடிக்கு ஏற ஒரு மரப்படி. படி என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் அது சுவரில் சாய்த்து வைத்த ஏணிதான். என் ஒரே மகள் கவிதா பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறாள். கெலுகோரில் லிஃப்ட் வைத்த உயரமான கட்டடம் ஒன்றில் அவளுக்கு வீடு. என்னையும் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் வெகு நாளாகப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அஞ்சடியில் விழுந்தேன். எங்கள் ஊர்க் கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதைக்கு அஞ்சடி என்று பெயர். ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலைத் தன் மனம்போல உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்திருப்பார். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையில் இருந்த உயர வித்தியாசத்தில் என் கோணல் விரல் இடித்து, ஒரு துணிக்கடை வாசலில் குப்புற விழுந்தேன். கடைக்கார அம்மாள் பதறி ஓடிவந்தார். "ஒண்ணும் இல்லக்கா, கைலி டிசைன் பார்த்தேன்" என்று தரையில் படுத்தபடியே சொன்னேன். (பக்கத்தில் தொங்கியதெல்லாம் பாவாடை.) முழங்கால் தோல் போனதைக் கவிதா அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, கடைசியா சொல்றேன். இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா பேச்சே கிடையாது. பேக்கைத் தூக்கிக்கிட்டு நேரா கெலுகோர்தான். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினேன். வேறு வழியில்லை, அவள் அழுகிற மாதிரி இருந்தாள்.

இந்த நேரம் பார்த்து அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எனக்கு அளவில்லாத சந்தோஷம்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையும் அதே கெலுகோர் வீட்டுக்குத்தான் வரப் போகிறார். இப்போது நான் விழுந்தால், பெண்ணோடு அப்பாவையும் சேர்த்துச் சீர் வரிசையில் வைத்து அனுப்பியதாகிவிடும். புதுசாகக் கட்டிக்கொண்ட பிள்ளைகள் வீட்டில், கதவுக்குப் பின்னால் இருமிக்கொண்டு கிடக்கும் ஆளாக என்னை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. என் வீட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு சங்கடம். மாப்பிள்ளை முகிலன் பிசியோதெரபிஸ்ட். வயதானவர்கள் விழாமல் நடக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, என் மகள் இவரைத்தான் தேடிப் பிடித்தாள். அவர் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வந்ததும் வராததுமாக என் மரப்படியைப் பார்த்தார். அடுத்து நான் நடப்பதைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் வருகிறார் என்று தெரிந்தால் போதும், கெட்டியான காலுறை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

"மாமாவுக்கு வீட்டுக்குள்ளயும் சாக்ஸா? புழுக்கமா இல்லையா?"

"எனக்குக் குளிர் ஆகாது தம்பி" என்றேன். என் வீட்டில் ஏர்கான் கிடையாது. மின்விசிறியே நோயாளி மாதிரிதான் சுற்றும்.

இப்படிக் கண்ணாமூச்சி ஆடிக் கல்யாணம் வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று இருந்தபோது, கவிதா ஒரு நாள் ஆசையாகச் சொன்னாள்: "அப்பா, தாலி கட்டுறதுக்கு முன்னால உங்களுக்கு நாங்க ரெண்டு பேரும் பாத பூஜை செய்யணும். நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

அதெல்லாம் வேண்டாம் என்று அவசரமாக மறுத்தேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மா இல்லாததால் தனியாக உட்காரக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கண் கலங்கினாள். அதற்குமேல் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓடினேன் அந்தோணியிடம்.

அந்தோணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். எதைக் கேட்டாலும் விடை இல்லை என்று சொன்னதே கிடையாது. விடை சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவனுக்கு இல்லை.

"இதுக்கா இப்படி முழிக்கிற? பெரிய வியாழனன்னைக்கு எங்க கோயில்ல சாமியார் பன்னிரண்டு பேரு காலைக் கழுவுவாரு. நானும் ஒரு தடவை உட்கார்ந்திருக்கேன். சாமியார் கழுவுறதுக்கு முன்னால நாங்க எல்லாரும் வீட்லயே தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் போனோம். அழுக்குக் காலைக் கொண்டுபோய் யாராச்சும் சாமியார்கிட்ட நீட்டுவாங்களா? காலை ரெடி பண்ணிடலாம்லா. என்கிட்ட விடு."

அவனிடம் விட்டேன். தினமும் உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்தான். கல்லால் தேய்த்தான். (பாத்திரம் விளக்குகிற வேகத்தில் தேய்த்தான் என்று சொல்ல வேண்டும்.) அப்புறம் தேங்காய் எண்ணெய் பூசிக் காலுறை மாட்டிவிட்டான். ஒரு வாரத்தில் வெடிப்பு அடங்கி, தோல் பளபளக்கத் தொடங்கியது. வெங்காயங்கள் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றைப் பூப்போட்டு மறைத்துவிடலாம் என்றான் அந்தோணி. கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தின் பின்னறையில் உட்காரவைத்து, மறுபடி ஒரு முறை தாராளமாக எண்ணெய் தடவினான்.

"இவ்வளவு எதுக்குடா?"

"கேமராக்காரன் கிட்ட வந்து எடுப்பான். மினுமினுன்னு இருக்கணும்லா."

கிராணியாக இருந்து சரக்கு ஏற்றி இறக்குவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான். எண்ணெய் கொட்டிய தரையில் மூட்டை தூக்குகிறவர்களை நடக்க விடமாட்டோம். அந்த அறிவெல்லாம் அன்றைக்கு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

மேடையில் எனக்கு ஒரு அலங்கார நாற்காலி. கீழே பெரிய பித்தளைத் தாம்பாளம். காலுறையைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பாதங்களையும் அதில் வைத்தேன். முன்வரிசையில், பைராம் தோட்டத்திலிருந்து வந்திருந்த என் அக்கா "என்னடா தம்பி, காலெல்லாம் இப்படி மின்னுது!" என்று வியந்தது காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேடையின் இரு பக்கமும் வைத்திருந்த பெரிய திரைகளில் என் கால்கள். முலாம்பழம் அளவுக்குப் பெருத்த வெங்காயங்கள். கேமராக்காரர் அவ்வளவு நெருங்கியிருந்தார்.

கவிதா தண்ணீர் ஊற்றினாள், பால் ஊற்றினாள். முகிலன் என் வலது பாதத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"மாமா, இந்த விரல்ல தொட்டா தெரியுதா?"

"சந்தனத்தை வைங்க மாப்பிள்ளை."

"வைக்கிறேன் மாமா. இது என்ன, யாரோ செதுக்கின மாதிரி இருக்கு?"

"நான்தான்" என்றேன் மெல்ல. "பிளேடு வச்சு."

"பிளேடா!"

குருக்களின் மைக் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் முழுக்க 'பிளேடா' எதிரொலித்தது. மந்திரத்தை நிறுத்திவிட்டு குருக்களும் குனிந்து என் காலைப் பார்த்தார். "சரி சரி, புஷ்பத்தைப் போடுங்கோ, முகூர்த்தம் தாண்டிடப் போறது" என்றார்.

கவிதா பூவைப் போடவில்லை. கையில் பூவோடு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் காலோடயாப்பா அந்தப் படியில ஏறி இறங்கிட்டு இருந்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள்.  எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனிதனுக்கு வீராப்பு வரும் போலிருக்கிறது. குருக்கள் ஆசீர்வாதம் பண்ணச் சொன்னார். இருவரும் குனிந்து வணங்கினார்கள். உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஆசீர்வதித்தால் போதும், எல்லாத் தகப்பன்மாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அது போதவில்லை. என் கால்கள் எவ்வளவு உறுதியானவை என்று மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இந்தச் சபைக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

"மாமா, இருங்க, துடைச்சிடறேன், எழுந்திரிக்காதீங்க" என்று முகிலன் சொல்லி முடிப்பதற்குள், எண்ணெயும் பாலும் வழிகிற தாம்பாளத்துக்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நின்றேன் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கணம் நன்றாகவே நின்றேன். அடுத்த கணம் தாம்பாளம் ஒரு பக்கம் போனது, கால்கள் இன்னொரு பக்கம் போயின. பிடிமானம் தேடி வலது கையை உயரத் தூக்கினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாலி கட்டும் நேரம் வந்ததும் மேடையிலிருந்து கையைத் தூக்கி ஆட்டுவார்கள். தவில்காரர் அந்தக் கையைப் பார்த்துத்தான் கெட்டி மேளம் வாசிப்பார். எங்கள் தவில்காரர் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து பார்த்தால் வாழை மரத்துக்கு மேலே ஒரு கை மட்டும்தான் தெரியும். தெரிந்தது. அதுவும் எத்தனை வேகமாக ஆடும் கை!

மேளம் இடியாக முழங்கியது. நாதஸ்வரம் பிளிறியது. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திடுக்கிட்டு எழுந்து, கையில் வைத்திருந்த அட்சதையை மேடையைப் பார்த்து வீசினார்கள். நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்த முன்வரிசைக்காரர்களும் பழக்க தோஷத்தில் வீசினார்கள். "இப்போ இல்லே, நிறுத்துங்கோ!" என்று குருக்கள் கத்தியது மேளத்தில் அமுங்கிப்போயிற்று.

நான் தரையில் விழவில்லை. விழுகிறவர்களைப் பிடிப்பதில் பழகிய முகிலன், ஒரு தாவலில் எனக்குப் பின்னால் வந்து, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தான் கீழே உட்கார்ந்து என்னை மேலே வாங்கிக்கொண்டார். கெட்டி மேளம் முழங்க, அட்சதை மழை பொழிய, பட்டு வேட்டி மாப்பிள்ளையின் மடியில் நான் உட்கார்ந்திருந்தேன். என் கால்கள் இரண்டும் கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. பெண்ணை அப்பா மடியில் உட்காரவைத்துத் தாலி கட்டுவது சில குடும்பங்களில் வழக்கம். அப்பாவை மாப்பிள்ளை மடியில் உட்காரவைத்த குடும்பம், நான் விசாரித்த வரையில், எங்களுடையது மட்டும்தான்.

மேளம் நின்றது. மண்டபத்தில் பாதிப் பேரைக் காணோம். தாலி கட்டியாகிவிட்டது என்று நினைத்து, சாப்பாட்டு வரிசையில் இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். அடுக்களையில் பரிமாறவும் தொடங்கிவிட்டார்களாம். (தவில்காரர் கடைசி வரையில் தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அபசகுனச் சத்தம் கேட்கக்கூடாதென்றுதான் வாசித்தேன் என்று சாதித்துவிட்டார்.)

கவிதா மாலையும் கழுத்துமாகத் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, எங்க வலிக்குது? கையை அசைங்க. காலை அசைங்க."

எல்லாவற்றையும் அசைத்தேன். எல்லாம் அசைந்தன. மூச்சு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "இது விழுந்ததுல சேராது."

"என்னப்பா சொல்றீங்க?"

"தரையில விழுந்தாத்தான் விழுந்தது. நான் மாப்பிள்ளை மேலதான் உட்கார்ந்திருக்கேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அடியில் இருந்த மாப்பிள்ளை, "மாமா, கொஞ்சம் எழுந்திரிச்சா நான் தாலி கட்டிடுவேன்" என்றார்.

கட்டினார். இரண்டாவது கெட்டி மேளம் முழங்கியபோது வீசுவதற்கு நிறையப் பேரிடம் அட்சதை இல்லை. அந்தோணி என் ஜிப்பாத் தோளில் கிடந்ததை வழித்தெடுத்துப் பெண் மாப்பிள்ளைமேல் போட்டான். அன்றைக்கு அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

சாப்பாடு முடிந்ததும், நான் பயந்துகொண்டிருந்த விசாரணை வந்தது. பின்னறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும். கவிதா கண்டிப்பாகச் சொன்னாள்: "அப்பா சத்தியம் பண்ணியிருக்கார். அவரு என்ன சொன்னாலும் இது ரெண்டாவது தடவை. வீட்டைக் காலி பண்ணிடலாம்."

 வாயைத் திறந்தால் கெஞ்சிவிடுவேன் என்று தெரிந்தது. முகிலன் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார், குதிகாலைத் தட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார். பட்டு வேட்டியெல்லாம் எண்ணெய்க் கறை.

"கவி, கெலுகோருக்கு வந்தாலும் மாமா இந்தக் காலோடதானே வருவாரு? அங்க பாத்ரூம்ல விழுவாரு. சப்பாத்து சின்னது, நகம் இப்படி இருக்கு, விரலுக்குப் பலமே இல்ல. இதையெல்லாம் சரி பண்ணணும். வீட்டை மாத்தி என்ன ஆகப் போகுது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா மாமா, இனிமே என்கிட்ட காலை மறைக்கக் கூடாது. விழுந்தா அன்னைக்கே சொல்லணும். விழப் பார்த்துத் தப்பிச்சாலும் சொல்லணும். அது முடியாதுன்னா நானே வந்து உங்க பேக்கைக் கட்டுவேன்" என்றார்.

எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அன்று காலையிலேயே போதுமான அளவு கட்டிப்பிடித்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

இப்போது என் படிக்கு இரண்டு பக்கமும் பிடிகம்பி இருக்கிறது. கூர்முனைச் சப்பாத்துகள் குப்பைக்குப் போயின. அகலமாக, பட்டை வைத்த புதுச் சப்பாத்தில் நான் உண்மையிலேயே வாத்து மாதிரிதான் நடக்கிறேன். வாத்து விழுந்து யாரும் பார்த்ததில்லை. கால் கிளினிக்குக்குப் போய்க் கூச்சமில்லாமல் காலை நீட்டுகிறேன். பிளேடைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் இருவரும் வருவார்கள். முகிலன் என் நகத்தை வெட்டிவிட்டு, ஒரு துண்டைத் தரையில் போட்டு, அதைக் கால் விரல்களால் சுருட்டி இழுக்கச் சொல்வார். அடுக்களையிலிருந்து கவிதா குரல் கொடுப்பாள்: "மத்த மாமனாருக்கெல்லாம் ஒரு தடவைதான் பாத பூஜை. எங்க வீட்ல வாராவாரம்லா!"

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் குடும்பத்தில் யாருக்காவது கால் இடறினால், கையிலிருந்து கிண்ணம் நழுவினால், உடனே யாராவது "கெட்டி மேளம்!" என்று கத்துகிறார்கள். குடும்பக் கல்யாணங்களில் என்னைக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில், முன்பின் தெரியாத தவில்காரர் ஒருவர் வந்து, "பெரியவரே, நீங்கதானா அது?" என்று கேட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு மறுநாள் காலை, பாசாருக்குப் போகப் படி இறங்கியபோது கால் வழுக்கியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நின்றுவிட்டேன்.  யாரும் பார்க்கவில்லை, சொல்லாமலே இருந்துவிடலாம். அந்தப் படியிலேயே உட்கார்ந்து கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"இப்ப ஒரு கெட்டி மேளம் முழங்கப் பார்த்துச்சும்மா."

 "பிடிச்சுக்கிட்டீங்களா?" என்றாள்.

"பிடிச்சுக்கிட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. போனை வாயிலிருந்து நகர்த்தி, உள்ளே இருந்த முகிலனிடம் சத்தமாகச் சொன்னாள்: "அப்பாதான். ஒண்ணும் ஆகலையாம். யாரும் சாப்பாட்டு வரிசைக்குப் போக வேணாம்!"